நெடுஞ்சாலைக்குப் பல் மாற்றலாமா?

இயந்திர விஷயம்

பூவாரில் குடும்பத்தோடு வசித்து வரும் அன்பர் ஒருவர் இந்தப் பகுதிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் வருமாறு: அவருடைய மகன் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் உத்தியோகம் பார்க்கிறான். தினந்தோறும் மோட்டார் சைக்கிளிலேயே போய் வருகிறான். சனிக்கிழமைகளில் களியக்காவிளை வழியாக நாகர்கோவிலுக்குப் பாட்டியைப் பார்க்கச் செல்வதும் உண்டு. அண்மையில் அவன் வாங்கியிருப்பது ஒரு பழைய 750 சி.சி. வண்டி, அதில் சங்கிலிக்குப் பதிலாக பெல்ட் பின்சக்கரத்தை ஓட்டுகிறது. முன்புறப் புல்லியை இரண்டு பல் பெரியதாக மாற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் என்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடும், பெட்ரோலும் மிச்சமாகும் என்று பட்டறைக்காரர் சொன்னாராம். மகன் உடனே செய்துவிடத் துடிக்கிறான். தாயாருக்கோ அச்சம். “இது வேகத்தைக் கூட்டும் காரியமா? பணம் வீணாகுமா? உயிருக்கு அபாயம் உண்டா? இயந்திரம் அறியாத நான் எதைச் சொல்லி அவனைத் தடுப்பது, அல்லது எதை நம்பி அனுமதிப்பது?” என்று அன்பர் கேட்கிறார்.

நல்ல கேள்வி. நம் சங்கத்துக் குடும்பங்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். பெல்ட் வண்டி வைத்திருப்போர் சிலரே ஆயினும், சங்கிலி வண்டிக்காரர்களும் இதே யோசனையைப் பட்டறையில் கேட்டிருப்பார்கள். ஆகவே சற்று விரிவாகவே விடை சொல்வோம்.

பல்லின் கணக்கு

நெல் அரைக்கும் மில்லில் மோட்டாரின் சிறு சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்கு வார் ஓடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சிறியது பலமுறை சுற்றினால் பெரியது ஒருமுறை சுற்றும். சுற்று குறைகிறது, அதற்கு ஈடாக இழுவிசை கூடுகிறது. சிறியதைச் சற்றுப் பெரிதாக்கினால் எதிர்ப்புறச் சக்கரம் விரைவாகச் சுழலும். ஆனால் இழுவிசை அதே அளவுக்குக் குறையும். இந்தக் கணக்கில் இயற்கை எவருக்கும் இனாம் கொடுப்பதில்லை.

மோட்டார் சைக்கிளில் என்ஜினின் சுழற்சி மூன்று படிகளில் பின்சக்கரத்தை அடைகிறது. முதற்படி என்ஜினிலிருந்து கிளச்சுக்கு. இரண்டாம் படி கியர் பெட்டிக்குள். மூன்றாம் படி கியர் பெட்டியின் வாயிலில் உள்ள சிறு பல்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்தோடு இணைந்த பெரிய பல்சக்கரத்துக்கு. இந்த மூன்றாம் படியில்தான் சங்கிலியோ பெல்ட்டோ வேலை செய்கிறது. அன்பருடைய மகன் மாற்ற விரும்புவதும் இதையே.

எடுத்துக்காட்டாக, முன்புறப் புல்லிக்கு 28 பல், பின்புறத்துக்கு 68 பல் என்று வைத்துக்கொள்வோம். 68-ஐ 28-ஆல் வகுத்தால் 2.43. அதாவது பின்சக்கரம் ஒருமுறை சுற்ற முன்புல்லி 2.43 முறை சுற்ற வேண்டும். முன்புல்லியை 30 பல் ஆக்கினால் விகிதம் 2.27 ஆகிறது. வித்தியாசம் நூற்றுக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவு. முன்பு ஒரு குறிப்பிட்ட வேகத்தில் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடிய என்ஜின், இனி அதே வேகத்தில் 2,800 சுற்று ஓடும். இரைச்சலும் அதிர்வும் குறையும். இது லாபக் கணக்கு.

நஷ்டக் கணக்கையும் பார்ப்போம். பின்சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை எல்லாக் கியர்களிலும் அதே ஏழு சதவீத அளவுக்குக் குறைந்துவிடும். மேடேறும்போதும், பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு முதல் கியரில் புறப்படும்போதும், பஸ்ஸை முந்தும்போதும் இந்தக் குறை வெளிப்படும். புறப்படுகையில் கிளச்சை அதிக நேரம் பாதி பிடித்தபடி விட வேண்டியிருக்கும். கிளச்சுத் தகடுகள் சீக்கிரம் தேயும்.

முன்புறப் பல்லுக்கு மதிப்பு அதிகம் என்பதையும் கவனிக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கில் முன்னால் ஒரு பல் கூட்டுவது பின்னால் ஏறக்குறைய இரண்டரைப் பல் குறைப்பதற்குச் சமம். “இரண்டே பல்தானே” என்று பட்டறையில் சொல்லும்போது, அது முன்பல்லா பின்பல்லா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வேகம் கூடுமா?

பலர் நினைப்பதுபோல் இந்த மாற்றத்தால் என்ஜினின் சக்தி ஒரு துளியும் கூடுவதில்லை. வண்டியின் உச்ச வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்குப் போனால் எதிர்ப்பு முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடுகிறது; அந்தக் காற்றைப் பிளந்து செல்ல வேண்டிய சக்தியோ இரண்டேகால் மடங்குக்கு மேல் ஆகிறது. என்ஜினுக்கு அந்தச் சக்தி மிச்சம் இருந்தால்தான் பெரிய புல்லி பயன் தரும். இல்லாவிட்டால் மேல் கியரில் வண்டி முக்கித் திணறும். முன்பு எட்டிய வேகத்தைக்கூட எட்டாது போகலாம்.

பெட்ரோல் விஷயமும் இப்படியே. சக்தி மிகுந்த என்ஜின், சமதளத்தில், ஒரே சீரான வேகத்தில் ஓடும்போது சுற்றுக் குறைவினால் சிறிது மிச்சம் கிடைக்கலாம். நின்று நின்று போகும் கடைவீதியில் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

புல்லட்டைக் கொண்டு ஒரு சோதனை

இந்த விஷயத்தில் நம்மவர்களுக்கு நீண்ட அனுபவம் தந்த வண்டி புல்லட்தான். 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக் கம்பெனியும் சென்னை நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் வைத்து உருவாக்கி வந்த வண்டி அது. சங்கிலி வண்டியானாலும் கணக்கு ஒன்றே.

பழைய நான்கு கியர் 350 புல்லட்டுகளில் பலவற்றுக்கு என்ஜின் பல்சக்கரம் 25 பல், கிளச்சு 56 பல், கியர் பெட்டியின் வாயிலில் 16 பல், பின்சக்கரத்தில் 38 பல். மேல் கியரில் பெட்டிக்குள் மாற்றம் ஏதும் இல்லை. ஆகவே பின்சக்கரம் ஒருமுறை சுற்ற என்ஜின் 5.32 முறை சுற்றுகிறது. டயர் ஒருமுறை உருண்டால் வண்டி ஏறக்குறைய 2.03 மீட்டர் நகரும். இந்தக் கணக்கின்படி 80 கிலோமீட்டர் வேகத்தில் என்ஜின் நிமிஷத்துக்கு ஏறத்தாழ 3,490 சுற்று ஓடும். 16 பல்லை 17 ஆக்கினால் 3,290. 18 ஆக்கினால் 3,110.

தூர தேசப் பிரயாணம் செய்யும் புல்லட்காரர்கள் 17 பல்லும் 18 பல்லும் போட்டுக்கொண்டதற்குக் காரணம் இதுவே. மணிக்கணக்கில் 80-இல் ஓடும்போது 200, 400 சுற்றுக் குறைவு கைக்கும் முதுகுக்கும் தெரியும். ஆனால் அதே புல்லட்டை 60-இல் ஓட்டிப் பாருங்கள். 16 பல்லுடன் 2,620 சுற்று. 17 பல்லுடன் 2,470. குறைந்தது வெறும் 150 சுற்று. அந்த வேகத்தில் என்ஜின் ஏற்கெனவே அமைதியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அமைதியாக இருப்பதை அமைதிப்படுத்தப் பணம் செலவிடுவானேன்?

60-ஐயும் 80-ஐயும் நாம் வீணாக எடுத்துக்கொள்ளவில்லை. விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

எந்தச் சாலை, எந்த வேகம்?

பூவாரிலிருந்து புறப்படும் ஒருவருக்கு இரண்டு விதச் சாலைகள் உண்டு. ஒன்று, களியக்காவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஊருக்கு ஊர் கடைவீதியை ஊடறுத்துச் செல்லும் பழைய சாலை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் இருபுறத்துச் சொந்தபந்தங்களும் இன்றளவும் அந்தச் சாலை வழியாகவே போய் வருகிறார்கள். மற்றொன்று கழக்கூட்டம் முதல் காரோடு வரையிலான புறவழிச்சாலை. மொத்தம் ஏறத்தாழ 43 கிலோமீட்டர். அதில் முக்கோலா முதல் காரோடு வரை 16 கிலோமீட்டர் காங்கிரீட் தளம். பூவாரிலிருந்து சிறிது கிழக்கே சென்றால் அதை அடையலாம். அன்பருடைய மகனின் உள்ளத்தில் ‘நெடுஞ்சாலை’ என்ற ஆசையை எழுப்பியது இந்தச் சாலையாகத்தான் இருக்க வேண்டும்.

சாலை அகலமாயிற்று, வேகம் கூடிற்றா? இல்லை. கேரள அரசு 2023 ஜூலை 1 முதல் இருசக்கர வண்டிகளின் உச்ச வேகத்தை 70-இலிருந்து 60 கிலோமீட்டராகக் குறைத்தது. விபத்துகளில் இருசக்கர வண்டிகளின் பங்கு மிகுதி என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதற்கு முந்திய மாதம் 5-ஆம் தேதியிலிருந்து சாலையோரக் காமிராக்களைக் கொண்டு அபராதம் விதிக்கவும் தொடங்கினார்கள். நான்கு வழிச்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-இல் குறித்த மேல் எல்லையே 80-தான். மாநிலங்கள் அதற்குக் கீழே வரையறுக்கலாம். புறவழிச்சாலையின் நடுப்பாதையில் இருசக்கர வண்டிக்கு இடம் உண்டா, அணுகுசாலையில்தான் செல்ல வேண்டுமா என்பதையும் அங்கங்கே உள்ள பலகையைப் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

இப்போது 750 சி.சி. வண்டிக்கு வருவோம். ஐந்து, ஆறு கியர்கள் கொண்ட பெரிய வண்டிகளின் மேல் கியர், நூறு கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுதும் ஓடும் வெளிநாட்டுச் சாலைகளை மனத்தில் கொண்டு அமைந்தது. 60-இல் அந்தக் கியரைப் போட்டால் பல வண்டிகள் இப்போதே லேசாக முக்கும். அதன்மேல் முன்புல்லியையும் பெரிதாக்கினால், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் மேல் கியரைப் பயன்படுத்தவே இயலாமற் போகலாம். ஆறாம் கியருக்குப் பணம் கொடுத்துப் பூட்டுப் போட்டுவிட்டு, ஐந்தாம் கியரில் ஓட்டிக்கொண்டிருப்பதைப் போன்ற கதைதான் அது. அல்லது, பூட்டைத் திறக்க வேண்டும் என்ற ஆசையில் கை தானாகவே முறுக்கும். தாயாருடைய அச்சத்துக்கு இங்கே நியாயம் இருக்கிறது.

குறைந்த சுற்றில் அதிகச் சுமையை இழுக்கச் சொல்வது என்ஜினுக்கு நல்லதன்று. மேட்டில் ஏறும்போது ‘டக், டக்’ என்று தட்டும் ஓசை கேட்டால், பிஸ்டனும் அதன் தண்டின் பேரிங்குகளும் அடிவாங்குகின்றன என்று பொருள். அப்போது ஒரு கியர் இறக்குவதே முறை. மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் செல்லும் சாலையில் மேடும் வளைவும் கடைவீதியும் மாறி மாறி வரும். துறைமுக வேலைக்குக் கல் ஏற்றிய டாரஸ் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முந்த வேண்டிய கணத்தில் கையை முறுக்கினால் வண்டி உடனே பாய வேண்டும். பாய்வதற்கு இரண்டு விநாடி தாமதமானால், எதிரே வருபவனுக்கும் நமக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து அந்த இரண்டு விநாடியும் கழிந்துபோகிறது. பல்லின் கணக்கு உயிரின் கணக்காக மாறுவது இந்த இடத்தில்தான்.

பெல்ட்டின் வரலாறும் குணமும்

பெல்ட் வண்டி புதுமை என்று நினைக்க வேண்டாம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் தோல் வாரினால்தான் ஓடின. மழையில் தோல் வழுக்கும், வெயிலில் நீளும், ஆகவே சங்கிலி அதன் இடத்தைப் பிடித்தது. பின்பு 1940-களில் தையல் இயந்திரத்தின் ஊசியும் கீழ்நூலும் ஒரே தாளத்தில் இயங்குவதற்காகப் பல் வைத்த பெல்ட் தோன்றியது. பல் இருப்பதால் வழுக்கல் இல்லை. 1965-இல் ஸ்டெஃபனி குவோலெக் என்ற அமெரிக்க அம்மையார் கண்டறிந்த கெவ்லார் என்னும் இழை, எஃகைப்போல் இழுப்பைத் தாங்கும் வலிமையை இத்தகைய பெல்ட்டுக்கு அளித்தது. 1980-இல் ஹார்லி-டேவிட்சன் கம்பெனி தன் ஸ்டர்ஜிஸ் வண்டியில் பல் பெல்ட்டைப் பொருத்தியது. அதன்பின் அந்தக் கம்பெனியின் வண்டிகளுக்கு பெல்ட் ஓர் அடையாளமாகவே ஆயிற்று.

நம் நாட்டில் அக்கம்பெனி ஹரியானாவின் பாவலில் தொழிற்சாலை வைத்து, 2014 முதல் ஸ்ட்ரீட் 750 என்ற பெல்ட் வண்டியை விற்றது. 2020-இல் தன் சொந்த உற்பத்தியையும் விற்பனையையும் நிறுத்திக்கொண்டு, ஹீரோ மோட்டோகார்ப்புடன் உடன்பாடு செய்துகொண்டது. அந்த வண்டிகள் இப்போது பழைய வண்டிகளாகக் கைமாறி வருகின்றன. வாங்குவோர் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். ஓசூரில் உருவாகும் ஏதர் மின்சார ஸ்கூட்டரிலும் பெல்ட் உண்டு. அதில் மோட்டாரும் விகிதமும் மின்கட்டுப்பாடும் ஒன்றுக்கொன்று பொருந்த அமைந்தவை, பல்லைத் தொடலாகாது. கியரில்லாத பெட்ரோல் ஸ்கூட்டர்களிலும் பெட்டிக்குள் ஒரு பெல்ட் ஓடுகிறது. அங்கே விகிதம் தானாகவே மாறும். அதை மாற்ற எண்ணுவோர் உள்ளே உருளும் ரோலர்களின் எடையை மாற்றுகிறார்கள். அதற்கும் நாம் சொல்லும் லாப நஷ்டக் கணக்கே பொருந்தும்.

நிற்க. பெல்ட்டுக்கும் சங்கிலிக்கும் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. சங்கிலியில் கண்ணி சேர்க்கலாம், கழற்றலாம். பெல்ட் ஒரே வளையம். அதன் நீளம் நீளம்தான். ஆகவே முன்புல்லியைப் பெரிதாக்கினால் கூடுதல் பற்களைச் சுற்றிக்கொள்ள வேண்டிய பெல்ட்டை எங்கிருந்தாவது கொண்டு வரவேண்டும். பின்சக்கரத்தை முன்னால் நகர்த்துவதுதான் வழி. பல்லுக்குப் பல் இடைவெளி 14 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இரண்டு பல் கூட்டினால் பெல்ட்டில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் கூடுதலாகச் செலவாகும். மேல் ஓட்டம், கீழ் ஓட்டம் இரண்டிலும் அது பாதிப் பாதியாகக் குறைய, பின் அச்சு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் முன்னேற வேண்டும். சரிக்கட்டும் காடியில் அவ்வளவு இடம் இருக்கிறதா? டயர் எங்கேயாவது உரசுமா? பெரிய புல்லி பெல்ட் மூடியில் இடிக்குமா? இவற்றை அளந்து பார்த்த பின்னரே பொருளுக்கு விலை கொடுக்க வேண்டும். இடம் போதாவிட்டால் வேறு நீளத்தில் புதிய பெல்ட்டும் வாங்க வேண்டியிருக்கும். அந்தச் செலவைப் பட்டறைக்காரர் முதலில் சொல்வதில்லை.

பெல்ட்டின் இறுக்கம் மிக நுட்பமானது. இறுக்கம் மிகுந்தால் கியர் பெட்டியின் பேரிங்கும் சக்கரத்தின் பேரிங்கும் கெடும். தளர்ந்தால் சட்டென முறுக்கும்போது பல் தாண்டும். ஹார்லி வண்டிகளில் கீழ் ஓட்டத்தின் நடுவில் பத்து பவுண்டு, அதாவது சுமார் நாலரைக் கிலோ விசை கொடுத்து, பெல்ட் எவ்வளவு வளைகிறது என்று அளப்பார்கள். அளவு மாடலுக்கு மாடல் மாறும். வண்டியின் கையேட்டைப் பார்க்க வேண்டும். வண்டி ஆறியிருக்கும்போது, சக்கரத்தைச் சற்றுச் சற்றுச் சுற்றிப் பல இடங்களில் அளக்க வேண்டும். இரண்டு புல்லிகளும் ஒரே நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட்டின் ஓரம் பிசிறு பிசிறாகத் தேயும்.

பெல்ட்டை முறுக்கவோ, மடக்கவோ, ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் புல்லிமேல் ஏற்றவோ கூடாது. உள்ளே இருக்கும் இழை ஒடிந்தால் வெளியே தெரியாது; வண்டி பாதி வழியில் நிற்கும்போதுதான் தெரியும். முன்புல்லியைப் பிடிக்கும் பெரிய நட்டு பல வண்டிகளில் எதிர்ப்புறம் சுற்றும் மரை கொண்டது. அதை அறியாமல் பலம் காட்டினால் அச்சின் மரையே நாசமாகும்.

கடற்கரையில் வசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நெய்யாறு கடலில் கலக்கும் பொழிமுகத்து மணல் கண்ணுக்கு அழகு, பெல்ட்டுக்குப் பகை. உப்புக்காற்றில் சங்கிலி துருப்பிடிக்கும், பெல்ட் துருப்பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் சிறு கல்லோ கூர்மணலோ பல்லுக்கும் பெல்ட்டுக்கும் இடையே சிக்கினால் அது பெல்ட்டைத் துளைத்துவிடும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவி, சக்கரத்தைக் கையால் சுற்றி, துளை, வெடிப்பு, ஓரப் பிசிறு உண்டா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெல்ட்டுக்கு எண்ணெயோ கிரீஸோ போடலாகாது.

வேகமானியும் சட்டமும்

சில வண்டிகளில் வேகமானி சக்கரத்திலிருந்து வேகத்தை அறிகிறது. சிலவற்றில் கியர் பெட்டியிலிருந்து. பின்சொன்ன வகையில் புல்லியை மாற்றினால் வேகமானி பொய் சொல்லும். நம் எடுத்துக்காட்டில் முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். காமிரா முள்ளைப் பார்ப்பதில்லை, வண்டியைப் பார்க்கிறது. இத்தகைய வண்டியில் வேகமானியையும் சரி செய்யாமல் புல்லி மாற்றக்கூடாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியில் மனம்போல் மாற்றம் செய்வதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே பாறசாலை அல்லது நெய்யாற்றின்கரைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிப் பதில் பெற்ற பிறகே கைவைப்பது விவேகம். விபத்து நேர்ந்த பின்னர் “இந்தப் பல் கம்பெனிப் பல் அல்ல” என்று அவர்கள் சொல்ல இடம் வைக்கலாகாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தமிழகப் பதிவுள்ள பழைய வண்டி வாங்கி இங்கே பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருப்போர், கேரளப் பதிவு எண் பெற வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் வண்டியைப் பரிசோதிப்பார்கள். மாற்றம் இருந்தால் விடை சொல்ல வேண்டிவரும்.

என்ன செய்யலாம்?

முதலில் செலவில்லாத சோதனைகளைச் செய்யட்டும். டயரில் காற்று சரியா? பெல்ட் இறுக்கம் சரியா? காற்று வடிகட்டி சுத்தமா? பிளக்கு நன்றாக இருக்கிறதா? கண்ணாடி, சைலன்சர் ஆகியவற்றின் நட்டுகள் தளர்ந்திருந்தாலும் அதிர்வு பெருகும். முக்கியமாக, கிளச்சு வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். கையை முறுக்கினால் என்ஜின் சத்தம் மட்டும் உயர்ந்து வண்டி அதற்கேற்ப விரையாவிட்டால், குறை கிளச்சில் உள்ளது, பல்லில் இல்லை. பழைய வண்டி வாங்கியவர்கள் பல் மாற்ற நினைப்பதற்குப் பாதிக் காரணம் இத்தகைய கவனிக்கப்படாத குறைகளே.

அடுத்து, சமதளத்தில் மேல் கியரில் 60 கிலோமீட்டரில் ஓட்டிக்கொண்டே மெதுவாகக் கையை முறுக்கிப் பார்க்கட்டும். வண்டி குலுங்காமல், தட்டாமல், சீராக முன்னேறினால் என்ஜினிடம் கொஞ்சம் மிச்சம் உண்டு. முக்கினால் இப்போதுள்ள பல்லே அந்தச் சாலைக்குப் போதுமானதற்கும் மேல்.

பின்பு ஒரு மாதப் பிரயாணத்தைத் தாளில் குறித்துப் பார்க்கட்டும். எத்தனை கிலோமீட்டர் கடைவீதி, எத்தனை புறவழிச்சாலை, எத்தனை தடவை பின்னால் ஆள் ஏறினார்? காவல்கிணறு தாண்டித் திருநெல்வேலி, மதுரை என்று நான்கு வழிச்சாலையில் தனியாக அடிக்கடி போகிறவர், சக்தி மிகுந்த என்ஜின் வைத்திருந்தால், சட்டப்படி தடையில்லை என்று தெளிந்த பின் ஒரு பல் கூட்டுவதை யோசிக்கலாம். அவருக்கும் இரண்டு பல்லைவிட ஒரு பல்லே மேல். கழற்றிய பழைய புல்லியைப் பட்டறையில் விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து துணியில் சுற்றி வைக்க வேண்டும். நாளைக்கு வண்டியை விற்கவோ பழையபடி பொருத்தவோ அது இன்றியமையாதது. பொருத்திய சில நூறு கிலோமீட்டரில் நட்டுகளையும் இறுக்கத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பூவாருக்கும் கழக்கூட்டத்துக்கும் இடையே தினமும் ஓடி, வாரம் ஒருமுறை நாகர்கோவில் சென்று வரும் மகனுக்கு இந்த மாற்றம் தேவையில்லை என்பதே நமது துணிபு. அவனைத் தடுக்க அன்பர் கோபம் கொள்ள வேண்டியதில்லை. மேலே உள்ள கணக்கை அவனிடமே கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைக்கு வகுத்தல் கணக்கு கஷ்டமாயிராது. புல்லிக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல டயர் ஒன்றும், தரமான ஹெல்மெட் இரண்டும் வாங்கலாம். ஒன்று அவனுக்கு, மற்றொன்று பின்னால் அமர்ந்து கோயிலுக்கோ கடைக்கோ செல்லும் அவன் தாயாருக்கு.

(அடுத்த இதழில்: மழைக்கால பிரேக் பராமரிப்பு.)